நல்ல பல் இரண்டு

சோப்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி நான் போட்டு வைத்திருந்த இளஞ்சிவப்புத் தகட்டை எடுத்துப் பொம்மைக்குத் தொட்டிலாக ஆக்கியது உங்களில் யார் என்று விசாரிக்கப் போவதில்லை. இரண்டு பேருமே 'நான் இல்லை' என்றுதான் சொல்வீர்கள். அது விளையாட்டுச் சாமான் இல்லை. என் வாயில் மாட்டிக்கொள்வது. அது என் கைக்கு வந்த கதையை உட்கார வைத்துச் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்துக்கே நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள். பிறகு எங்கே கதை கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் முழுக்கப் படியுங்கள்.

பெரியவளே, நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். சின்னவள் பிறக்கவில்லை. ஒரு நாள் காலையில் தறியில் உட்கார்ந்தபடி கொட்டாவி விட்டேன். வலது காதுக்கு முன்னால் ஏதோ இடம் விட்டு இடம் நகர்ந்த மாதிரி ஒரு சத்தம். வலி இல்லை. பெரிதாக நினைக்கவில்லை. பிறகு சாப்பிடும்போதும் வந்தது. பிறகு காலையில் எழுந்தால் கன்னம் இறுகிக் கிடக்கும். வலி காதுக்குள் போகும், நெற்றிப்பொட்டுக்கு ஏறும், கழுத்துக்கு இறங்கும். எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டால் விரல் வைத்துக் காட்ட எனக்குத் தெரியாது. பாதி முகத்தைத் தடவிக் காட்டுவேன். அவர்களும் ஏதோ புரிந்தது போலத் தலையாட்டுவார்கள்.

எதிர்வீட்டுக்காரரும் நெசவுதான். வாய்க்கொழுப்பு அதிகம். வாசலில் நின்றுகொண்டு கேட்டார்:

"இன்னாபா, தறிக்கு எண்ணெய் போடலியா? சத்தம் எங்க வூடு வரைக்கும் வருது."

"தறி இல்லண்ணே. என் தாடை."

"அப்ப தாடைக்குப் போடு."

அவர் கிண்டலுக்குச் சொன்னார். ஆனால் தெருவே அதைத்தான் நிஜமாகச் சொன்னது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொன்னார்கள், விட்டேன். கன்னத்தில் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். தலையணை எண்ணெய்ப் பிசுக்கு ஆனதுதான் மிச்சம். வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு வந்தது. சோற்றை எலுமிச்சை அளவுக்கு உருட்டினேன். பிறகு நெல்லிக்காய் அளவுக்கு. உங்க அம்மா பார்த்துவிட்டு, "குருவிக்கு ஊட்டுறா மாதிரி இருக்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. பசியோடு இருக்கிறவனிடம் உவமை சொன்னால் கோபம் வராதா?

எல்லோரும் முடிவாகச் சொன்னது, 'பல்லுதான், வேற என்னா.' பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பல்கட்டும் கடை வைத்திருந்தார். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்கும். அவர் என்னை முக்காலியில் உட்கார வைத்து, ஒரு கம்பியின் பிடியால் வலது பக்கப் பல்லை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"இது வலிக்குதா?"

"வலிக்குது."

"இது?"

"அதுவும்தான். எல்லாமே வலிக்குது."

"எல்லாத்தையுமா புடுங்க முடியும்? ஏதாவது ஒன்னு சொல்லுபா."

பாருங்கள் அநியாயத்தை. எந்தப் பல் கெட்டது என்று என்னையே சொல்லச் சொன்னார். நானும் யோசித்து, கீழ் வரிசையில் கடைசிக்கு முந்தினதைக் காட்டினேன். புடுங்கினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சோழி மாதிரி வெள்ளையாக இருந்தது. "எங்கண்ணே சொத்தை?" என்று ரத்தத்தோடு கேட்டேன். "வேருக்குள்ள இருக்குது, வெளியே தெரியாது" என்றார். நம்பினேன். வலி போகவில்லை. மறுபடி போனபோது, "பக்கத்துப் பல்லுக்குத் தாவிடுச்சி" என்று அதையும் எடுத்தார். அதுவும் வெள்ளைதான். மூன்றாவது முறை போனேன். "இப்ப மேல் பல்லுக்கு ஏறிடுச்சி" என்று குறடைக் கையில் எடுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். அது புத்திசாலித்தனம் இல்லை. குறடு உள்ளே போகிற அளவுக்கு வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்குள் என் பிழைப்பே ஆட்டம் காண ஆரம்பித்திருந்தது. முதலாளி ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை நெய்யச் சொல்லி, தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூல் கொடுத்திருந்தார். கரையைத் தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் நான், வலது ஓரத்தில் கரை நூல் ஓடுகிற நாடாவை எறிய உங்க அம்மா. ஊடு நூலை நெருக்குகிற பலகையை இழுத்து ஒரு அடி அடித்தால் காதுக்குள் ஆணி இறங்கும். பத்து அடி, கொஞ்சம் நிறுத்தி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபடி. ஒரு ஆள் நெய்வதில் பாதிகூட ஆகவில்லை. முதலாளி வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

"உன்னால முடியலைன்னா சொல்லிடுபா. பாவை வேற தறிக்கு மாத்திடறேன். தப்பா நெனைக்காதே."

"முடியும்ங்க" என்றேன்.

"வாயைத் திறந்து சொல்லு."

"இவ்ளோதாங்க திறக்கும்."

ஒரு பாவு கை மாறினால் அடுத்த பாவும் அந்தக் கைக்குத்தான் போகும் என்பது உங்களுக்கே தெரியும். எனக்கு வேறு தொழில் தெரியாது. தறிக்குழியை விட்டு ஏறி எங்கே போய் நிற்பது? அந்தப் பயத்தில், ஐயம்பேட்டையில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று உங்க அம்மாவின் சித்தப்பா சொன்னதும் உடனே ஓடினேன். 'மூட்டு விலகியிருக்குது, அசையாம கட்டினா சேர்ந்துடும்' என்றார் அவர். கன்னத்தில் பற்றுப் போட்டு, தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைக்கு வெள்ளைத் துணியை இழுத்துச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று அழுந்தி நின்றன. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தள்ளி உட்கார்ந்தார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டு வாசலில் உங்க அம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டுவது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டுமா? பாடைக்குப் போகிறவர்களுக்குத்தான்.

"இன்னா கோலம் இது! யாரு கட்டினா?"

நான் 'ம்ம், ம்ம்' என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவளே எக்கி முடிச்சை அவிழ்த்து, துணியைச் சுருட்டிச் சாக்கடையில் எறிந்தாள். அவிழ்த்த பிறகு திறந்து பார்த்தால் ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. கட்டுவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசம். அவள் அழவில்லை. "போதும். நீங்க போனதெல்லாம் போதும். நாளைக்குப் பட்டணம் போறோம், நான் கூட வரேன்" என்றாள். "பாவு?" என்றேன். "வாய் இல்லாம பாவு எதுக்கு?" என்றாள்.

பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி. முதலில் காதுக்குப் போகச் சொன்னார்கள். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "காது சுத்தமா இருக்கு, பல்லுக்குப் போங்க" என்றார். அங்கே ஒரு வரிசை, இங்கே ஒரு வரிசை. நீ அம்மா இடுப்பில் இருந்து அழுதாய். பல் பகுதியில் ஒரு டாக்டரம்மா. படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். இவரும் தட்டிப் பார்த்து, எந்தப் பல் என்று கேட்கப் போகிறார். இந்த முறை எதையும் காட்டுவதில்லை என்று முடிவோடு இருந்தேன்.

அவர் பல்லைத் தட்டவில்லை. வாய்க்குள் எத்தனை விரல் போகிறது என்று பார்த்தார். "மூணு விரல் போகணும். உங்களுக்கு ஒன்னுதான் போகுது" என்றார். பிறகு பல் போன ஓட்டையைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு பல்லையும் எதுக்கு எடுத்தீங்க?"

"வலிச்சுதுங்க."

"எடுத்த பிறகு?"

"வலிக்குதுங்க."

அவர் பிள்ளைகளைக் கிட்டே கூப்பிட்டு அந்த ஓட்டையைக் காட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பட்டு நெசவுங்க."

"எனக்கு நெசவு தெரியாது. எப்படி நெய்வீங்கன்னு இப்படியே உக்காந்து காமிங்க."

இது என்ன கூத்து என்று நினைத்தேன். அவர் இரண்டு கை விரலையும் என் காதுக்கு முன்னால் இரு பக்கமும் வைத்துக்கொண்டு, "ம்" என்றார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, இல்லாத மிதியை மிதித்து, இல்லாத நாடாவை எறிந்து, இல்லாத பலகையை இழுத்து அடித்தேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உங்க அம்மா எதற்கு என்றே தெரியாமல், பழக்கதோஷத்தில் வலது பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

நாலு அடி ஆனதும் டாக்டரம்மா நிறுத்தச் சொன்னார். "ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடிக்கிறீங்க. தெரியுமா?"

"இல்லைங்களே."

"நூல் அறுந்தா என்ன செய்வீங்க? அதையும் செய்ங்க."

நூல் அறுந்ததாக நினைத்துக்கொண்டேன். கை தானாக வாய்க்குப் போனது. வலது கடைவாயிலிருந்து ஒன்றை உருவினேன், அறுந்த முனையோடு முடிந்தேன், மறுபடி மிதித்தேன்.

"இருங்க. வாயிலேர்ந்து என்ன எடுத்தீங்க?"

"நூலுங்க."

"எந்த நூல்?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. விளக்க வேண்டிய விஷயம் என்றே அதுவரை தோன்றியதில்லை. உங்க அம்மாதான் சொன்னாள். இழை அறுந்தால் முடிய நாலு துண்டு நூலைக் கடைவாயில் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். எச்சில் பட்ட பட்டு வழுக்காமல் முடிச்சு விழும். தேட வேண்டாம், இரண்டு கையும் வேலையில் இருக்கலாம். என் நைனாவும் அப்படித்தான். அடிக்கிற அதிர்ச்சியில் நூல் தொண்டைக்குள் போய்விடாமல் இருக்க இறுக்கிக் கடித்துக்கொள்ள வேண்டும்.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கங்க."

"எத்தனை நாளா?"

"தறியில உக்காந்ததுலேர்ந்து."

டாக்டரம்மா பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். காதுக்கு முன்னால் தாடை எலும்பு மண்டையோடு சேர்கிற இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. நடுவில் சின்ன மெத்தை மாதிரி ஒரு குருத்து. மெல்லும்போது மட்டும் பல்லோடு பல் சேர வேண்டும். நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே இருந்தால் தசை இறுகும், மெத்தை நழுவும். அது நழுவித் திரும்புகிற சத்தம்தான் நான் கேட்டது. திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டால் வாய் திறக்காது. இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசமாகும்.

"அப்ப பல்லு?"

"பல்லுல ஒன்னும் இல்லை" என்றவர், கொஞ்சம் தயங்கி, "எடுத்ததுலயும் ஒன்னும் இருந்திருக்காது" என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்காரரை அப்போதே போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தப் பல்லை விரல் வைத்துக் காட்டியது யார்? அதை நினைத்ததும் கோபம் போக இடம் தெரியாமல் உள்ளேயே சுற்றியது.

சரி, நோய் தெரிந்துவிட்டது, இன்றே சரியாகும் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். பல்லுக்கு மேல் மாட்ட ஒரு தகடு செய்ய வேண்டும், அதற்கு அச்சு எடுக்க வேண்டும் என்றார். அச்சு எடுக்கிற கரண்டி என் வாய்க்குள் போகவில்லை. திறப்பதற்கு வைத்தியம் பார்க்க வந்தால், முதலில் திறந்துகொண்டு வா என்கிறார்கள்! வெந்நீர் ஒத்தடம், குழைந்த சோறு, ஒரு மாத்திரை, நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வாயைத் திறந்து மூடுவது, கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கை கொடுப்பது. "உதடு மூடியிருக்கணும், உள்ளே பல்லு பல்லைத் தொடக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். வெந்நீருக்கா பட்டணம் வரை வந்தோம் என்று பஸ் முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பூந்தமல்லி தாண்டியதும் உங்க அம்மா, "பேசும்போதும் கடிக்கிறீங்க" என்றாள்.

அதிலிருந்து ஆரம்பித்தது. துண்டு நூலையெல்லாம் தறித் தூணில் ஒரு ஆணியில் கட்டித் தொங்கவிட்டாள். நான் அடிக்கும்போது தாடை இறுகினால் கரைப் பக்கத்திலிருந்து "பல்லு!" என்பாள். அரை நாழிகை பொறுத்து, "பல்லு!" எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

"இன்னாமா, காலையிலேர்ந்து பல்லு பல்லுன்னு கூவறே. கூடையில வெச்சி விக்கிறியா?"

"உங்களுக்கு வேணுமாண்ணே? முன்னாடி ரெண்டு ஆடுதே."

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பல்லுன்னு சொன்னா எழுந்து போயிடுவேன்" என்றேன்.

"போங்க. போனா கடிக்க மாட்டீங்க இல்ல."

கடிக்காமல் அடித்தால் அடி விழவே இல்லை. இத்தனை வருஷம் கையால் நெய்தேன் என்று நினைத்திருந்தேன். பாதியைத் தாடையால்தான் நெய்திருக்கிறேன். பல் பிரிந்ததும் தோளில் வலு இல்லாத மாதிரி ஆகிவிட்டது. முதலாளி வந்து, நெய்த வரைக்கும் துணியைத் தடவிப் பார்த்தார். கரையை விரலால் நெம்பினார். நெகிழ்ந்தது. அவர் திட்டவில்லை. "இதை முகூர்த்தத்துக்குக் குடுக்க முடியாதுபா" என்றார். மறுநாள் வேறு பாவு பிடித்து வேறு தறியில் அந்தப் புடவை ஏறியது. எங்களுக்குச் சாதாரணச் சேலைப் பாவு வந்தது. அதுவாவது வந்ததே என்று உங்க அம்மா சொன்னாள். அன்றைக்கு ஆணியில் தொங்கிய நூலை எடுத்து மறுபடி வாயில் வைத்தேன். வீம்புதான். நாலே அடி. பழைய வலி ஆணி மாதிரி காதுக்குள் இறங்கியது. துப்பிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது கரண்டி நுழைந்தது. சூடான மெழுகு மாதிரி ஒன்றை வைத்து அச்சு எடுத்தார்கள். தகடு வந்ததும் சரியாக உட்காரவில்லை. நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, நீலம் பட்ட இடத்தைத் தேய்த்து, மறுபடி கடிக்கச் சொல்லி, மறுபடி தேய்த்து, இப்படியே எத்தனை பயணம்! தூங்கும்போதும் தறியில் உட்காரும்போதும் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டால் பேச்சு குழறும். எச்சில் ஊறும். நாடாவை நிறுத்தச் சொன்னால் உங்க அம்மாவுக்குப் புரியாது. கடைசியில் பலகையில் விரலால் தட்டிச் சொல்லக் கற்றுக்கொண்டோம். போன பல்லுக்குப் பதிலாக இரண்டு கட்டுப்பல்லும் வைத்தார்கள். ஒரே பக்கம் மென்றால் மூட்டு மறுபடி கெடும் என்றார் டாக்டரம்மா. கட்டுப்பல் கட்டுப்பல்தான். முறுக்கு தின்றுபார்த்தால் தெரியும்.

தோளால் அடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு தீபாவளி ஆனது. முதலாளி மறுபடி கரையை நெம்பிப் பார்த்தார். நெகிழவில்லை. அடுத்த முறை முகூர்த்தப் பாவு வந்தது. இப்போது எனக்கு இரண்டரை விரல் நுழைகிறது. அந்த அரை விரல் வரவே இல்லை. சத்தமும் போகவில்லை. வலி இல்லாத சத்தத்தை விட்டுவிடுங்கள் என்றார்கள், விட்டுவிட்டேன். நீங்கள்தான் விடமாட்டேன் என்கிறீர்கள். பொங்கல் கரும்பை நான் கத்தியால் நறுக்கித் தின்பதற்கும் காரணம் இதுதான். காதுக்கு முன்னால் வலித்து, வாய் சின்னதானால் உடனே சொல்லுங்கள். எந்தப் பல் என்று யாராவது உங்களையே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதை எழுதியதற்கு அந்தத் தகடும் தொட்டிலும் மட்டும் காரணம் இல்லை. பெரியவளே, நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்குப் பதிலாகக் கரைப் பக்கம் உட்கார்ந்தாயே, உன் உதட்டோரம் ஒரு சிவப்பு இழை தொங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு கத்துக்குடுத்தா இத?" என்று கத்தினேன்.

நீ பயப்படவில்லை. "நீங்கதான் நைனா. நூல் அறுந்தா உங்க கை வாய்க்குத்தானே போவுது?"

உனக்கு நினைவு தெரிந்த பிறகு நான் வாயில் நூல் வைத்து நீ பார்த்ததே இல்லை. ஆனால் நீ சொன்னது நிஜம். இன்றைக்குக் காலையில் என்னையே கவனித்தேன். இழை அறுந்தது. கை நேராக வாய்க்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லாமல் தகட்டில் முட்டியது, பிறகுதான் தூணுக்குப் போனது. இத்தனை வருஷம் கழித்தும்!

நீ துப்பிவிட்டாய், சரி. உன் பக்கத்திலும் ஒரு ஆணி அடித்திருக்கிறேன், துண்டு நூல் அதில் தொங்குகிறது. என் கையைப் பார்க்காதே. அந்த ஆணியைப் பார்.